கதவுள்ள அடுப்பு

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவள் நான். போன வாரம் இந்தப் பத்திரிகைக்கு எழுதியதில் மழைக்காலத்தையும் பள்ளி விடுமுறையையும் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று என் மகள் சொன்னாள். இருக்கும். மறதி வந்துவிட்டது. வழக்கமாக அவளிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். இந்த வாரத்துத் தாள்களை மட்டும் காட்டவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

என் தலை ஓவனுக்குள் இருந்தது.

பங்களாச் சமையலறையில் முழங்காலிட்டு, தலையையும் வலது கையையும் உள்ளே விட்டிருந்தேன். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த ஈர வாசனை மூக்கில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே பனி. தேயிலை மலை தெரியவில்லை. ஓவனின் அடித்தட்டில், பின் மூலையில், இரண்டு கட்டிச் சூடத்தை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். நான்கு நாள் தேய்த்த தேய்ப்பில் உள்சுவர் அப்படிப் பளபளத்தது. ஒரு சுடர்தான் ஏற்றினேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மூன்று சுடர் தெரிந்தது.

கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்போது பின்வாசலில் அஞ்சலையக்காவின் குரல் கேட்டது.

"ஏ லெச்சுமி! பெரிய தொரை காடி வந்துருச்சுடி! மேல வளைவுல திரும்புது. எந்திரி, எந்திரி!"

எழுந்தேன். ஓவன் கதவைச் சாத்தினேன்.

அந்தக் கதவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

சின்னக் கைக்காரி

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தின் உச்சியில் கம்பெனிக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் பங்களா ஒன்று இருந்தது. அதை ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி பார்த்துக்கொண்டார். சமையலுக்கு ஆ சாய் என்ற ஹைனான் சீனர். கம்பளி, படுக்கை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் அஞ்சலையக்காவின் பொறுப்பு.

அஞ்சலையக்கா எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முன்பு அவரும் கொழுந்து எடுத்தவர்தான். ஒரு மழை நாளில் கூடையோடு சரிவில் விழுந்து வலது முட்டி பிசகிவிட்டது. ஏறுவதாவது ஏறுவார். இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி, துரைசாணியிடம் கெஞ்சி, அந்தப் பங்களா வேலையை வாங்கியிருந்தார். சமதரை வேலை. அவருடைய முட்டிக்கு அதுதான் மருந்து.

என்னை அங்கே கூட்டிப்போனதும் அவர்தான்.

ஆ சாய்க்கு இடுப்பு வலி. குனிந்து ஓவனைக் கழுவ முடியாது என்று சொல்லிவிட்டார். ஓவனை ஏற்றினால் புகை கிளம்பிச் சமையலறை கறுத்தது. அஞ்சலையக்கா துரைசாணியிடம், "எங்க லயத்துல ஒரு புள்ள இருக்கும்மா. கை சின்னக் கை. மூலைமுடுக்கெல்லாம் போவும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

என்னிடம், "வாடி, நாலு நாளைக்கு அட்டைக்கடி இல்லாம இருக்கலாம்லா. புடிச்சிருந்தா அந்தம்மா அப்படியே வச்சுக்கும்" என்றார்.

"எனக்கு ஓவன்னா என்னான்னே தெரியாதேக்கா."

"அடுப்புதான்டி. கதவு வச்ச அடுப்பு. அடுப்பக் கழுவத் தெரியாதா ஒனக்கு?"

உள்ளே இருந்தது

கதவைத் திறந்ததும் பின்வாங்கிவிட்டேன். வருடக்கணக்கான கொழுப்பு. சுவரெல்லாம் தார் பூசிய மாதிரி. தொட்டால் ஒட்டியது, கீறினால் வரவில்லை.

துரைசாணி ஒரு டின் கோஸ்டிக் சோடா கொடுத்தார். அதைத் தொட்ட முதல் நாளே விரல் நுனிகள் வெந்துவிட்டன. அப்புறம்தான் எனக்குத் தெரிந்த வழிக்குப் போனேன். விறகுச் சாம்பலைச் சலித்து, சுண்ணாம்பைக் குழைத்து, களி மாதிரி ஆக்கி அப்பினேன். அரை நாள் ஊறவிட்டேன். மூங்கில் பத்தையைச் சீவி, அதைக் கொண்டு வழித்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். அதையே திரும்பச் செய்தேன். ஆ சாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வாஹ், பாண்டாய்" என்று கட்டைவிரலை உயர்த்தினார். மலாய் மொழியில் கெட்டிக்காரி என்று அர்த்தம். எனக்கு அப்படி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கொழுப்பு மாட்டுக் கொழுப்பு. எனக்குத் தெரியும். ஆ சாய் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன வாட்டுவார் என்று அஞ்சலையக்கா சொல்லியிருக்கிறார். நகக்கண்ணில் ஏறியது போகவே இல்லை. வீட்டில் சோறு பிசையும்போது வாசம் வந்தது. என் மாமியாரிடம் பங்களாவில் ஜன்னல் துடைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அடுப்பு

எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அடுப்பைக் கழுவுவார். சாணம் கரைத்து மெழுகுவார். காய்ந்ததும் மேட்டில் அரிசி மாவில் இரண்டு இழை கோலம், ஒரு பொட்டுக் குங்குமம், ஒரு கட்டிச் சூடம். அது எரிந்து முடிந்த பிறகுதான் விறகு வைப்பார். கழுவின அடுப்பைச் சும்மா விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அம்மா இல்லாத பிறகும், என் லயத்து வீட்டில் நான் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

பங்களா வேலை முடிந்த நாளும் வெள்ளிக்கிழமைதான். இது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுப்புக்காகச் சூடம் வைத்தேன் என்றால் பாதிதான் உண்மை. எனக்காகவும் வைத்தேன். நான்கு நாள் அந்தக் கொழுப்பில் கை விட்டவள். ஒரு சுடர் ஏற்றிவிட்டால் அது தீர்ந்துபோகும் என்று நினைத்தேன். சூடம் மிச்சம் வைக்காது. எரிந்து தானே இல்லாமல் போய்விடும். அந்த நம்பிக்கையில்தான் கதவைச் சாத்தினேன்.

சாத்தினால் காற்று இல்லாமல் அணைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்த எந்த அடுப்புக்கும் கதவு கிடையாது.

தேநீர் நேரம்

கோலாலம்பூரிலிருந்து கம்பெனியின் பெரிய துரை குடும்பத்தோடு வந்திருந்தார். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று என்னையும் பின்கட்டில் நிறுத்திக்கொண்டார்கள். ஆ சாய் முட்டை அடித்து, மாவு கலக்கி, பெரிய கேக்கை ஓவனில் வைத்தார். அடித்தட்டின் மூலையை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அவருக்குத்தான் இடுப்பு வலியாயிற்றே.

கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது. கோயில் வாசம்.

ஓவனைத் திறக்கச் சொல்லலாமா என்று ஆ சாயின் முதுகைப் பார்த்தபடியே நின்றேன். அவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரியவில்லை. கேக் நன்றாக உப்பி, பொன் நிறமாக வந்தது. முன்கூடத்துக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு கடி கடித்து வைத்த துண்டு.

துரைசாணி முகம் சிவந்து வந்தார். ஆ சாய் ஒரு துணுக்கை வாயில் போட்டுவிட்டு உடனே துப்பினார். "பாவு அப்பா இனி?" என்று கத்தினார். இது என்ன வாசனை என்று.

துரைசாணி முகர்ந்து பார்த்தார். நேராகச் சாமான் அறைக்குப் போனார். அங்கே ஒரு தட்டில் மாவு டின். அதற்கு மேல்தட்டில் கம்பளிக்குப் போடும் அந்துருண்டைப் பை. மலை ஈரத்தில் கம்பளியைப் பூச்சி அரித்துவிடும் என்று மூட்டையாக வாங்கி வைத்திருப்பார்கள். அந்தப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அஞ்சலே! இந்த உருண்டை மாவுகிட்ட நீ வச்சான்?"

தோட்டத்துத் துரைசாணிகளின் தமிழ் அப்படித்தான் இருக்கும். மற்ற நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி லயத்தில் சிரித்திருப்போம்.

"மேல் தட்டுல எப்பவும் வெக்கிற எடந்தாம்மா. மாவுல ஒண்ணும் விழுவல."

"அப்போ எப்படி வாசம் வந்தான்?"

அஞ்சலையக்கா மேசைக்கு வந்தார். அந்தக் கடித்த துண்டை எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சும்மா பார்த்தார். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் இலையை நகர்த்துவதற்காகக் காத்திருக்கிற மாதிரி.

நான் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை. ஒரு முட்டை ஓட்டுத் துண்டு கிடந்தது. அதைக் குனிந்து பொறுக்கினேன்.

"பேசு, அஞ்சலே."

"நான் என்னத்தம்மா பேசுறது" என்றார் அவர். அவ்வளவுதான்.

"நாளைக்கு நீ பெரட்டுக்குப் போ. இங்கே வேணாம்."

பெரட்டு என்றால் காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அஞ்சலையக்கா இடுப்பில் செருகியிருந்த துடைக்கும் துணியை எடுத்து மடித்து மேசை மேல் வைத்துவிட்டுப் பின்வாசல் படியில் பக்கவாட்டில் இறங்கிப் போனார்.

என்னை யாரும் மிரட்டவில்லை. வாயை மூடு என்று யாரும் சொல்லவில்லை. நானேதான் மூடிக்கொண்டேன்.

எனக்குப் பேர் வந்த விதம்

இதற்கு மேல் எழுதுவது இன்னும் கஷ்டம்.

அந்த வாசத்தை எடுக்க முடியுமா என்று துரைசாணி என்னிடம் கேட்டார். முடியும் என்றேன். எல்லோரும் வெளியே போனதும் மூலையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கறையைச் சுரண்டி எடுத்தேன். ஓவனைச் சூடாக்கிக் கதவைத் திறந்து வைத்தேன். வேறொன்றும் தேவையில்லை, சூடம் தானே பறந்துவிடும். ஆனால் ஏதோ பெரிய வேலை செய்கிற மாதிரி தட்டு நிறையத் தேயிலைத் தூளை உள்ளே வறுத்தேன். சமையலறையே மணத்தது.

மறுநாள் ஆ சாய் வைத்த கேக்கில் குறையே இல்லை. துரைசாணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் வைத்த வாசத்தை நானே எடுத்ததற்கு.

பெரிய துரையின் மனைவி அதை மற்ற பங்களாக்களில் சொன்னார். அவர்கள் ஆள் அனுப்பினார்கள். பிறகு பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு டாக்டர் வீடு. பிறகு கியா பார்மில் ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சும் அம்மா ஒருவர். அவர் ஓவனில் பொங்கி வழிந்த சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. சாக்கைச் சுடுதண்ணீரில் நனைத்துப் போட்டு உரித்தேன். அந்த வீட்டில் ஒரு அலுமினியத் தட்டில் சுண்ணாம்பைத் தடவியதில் அது கறுத்தே போய்விட்டது. உடனே போய்த் தட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

தட்டுக்கு என்னால் கேட்க முடிந்தது.

அஞ்சலையக்கா மலைக்குப் போனார். முதல் நாள் பெரட்டில் நானும் நின்றேன். பங்களாவுக்கு அன்று மத்தியானம் போனால் போதும். கங்காணிக்குத் தமாஷ் செய்ய ஆள் கிடைத்தது.

"வாங்க, பங்களாக்காரம்மா! அந்துருண்டை கொண்டாந்தியா? கொழுந்துல பூச்சி விழுந்திருக்குலா, ரெண்டு போட்டுட்டுப் போ!"

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன். அதற்குள் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவர் பெயர் அந்துருண்டை அஞ்சலை. பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். மழையில் அவர் சரிவில் இறங்குவதைப் பாதையிலிருந்து பார்ப்பேன். ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த செடிக்குக் கை எட்டும் வரை நிற்பார்.

அவருக்கு அன்றைக்குச் சளி பிடித்திருந்தது, வாசம் தெரிந்திருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வருடக்கணக்கில் சொன்னேன். சூடத்துக்கும் அந்துருண்டைக்கும் வித்தியாசம் துரைசாணிக்குத் தெரியாது, ஆ சாய்க்குத் தெரியாது. தினமும் விளக்கேற்றுகிற ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா என்பதை மட்டும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ரெண்டு பேர் வேலை

எண்பதுகளில் எனக்கு வேலை பெருகிவிட்டது. மலையில் ஹோட்டல்கள் வந்தன. ஓவன் ஒவ்வொன்றும் அலமாரி உயரம். பஸ்ஸில் வாளியோடும் மூங்கில் பத்தைகளோடும் போவேன். டிரைவர்கள், "ஓவனம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். ஒருத்தியால் முடியவில்லை. கூட ஆள் தேவைப்பட்டது.

அஞ்சலையக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பசியாறியாச்சாக்கா?"

"ஆச்சு. என்னா, ஓவனம்மா இந்தப் பக்கம்?"

"என்கூட வேலைக்கு வரீங்களா? உக்காந்து செய்யுற வேலைதான். மலை ஏற வேணாம்."

அவர் எண்ணெய்க் கையை முழங்காலில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "வரேன்" என்றார்.

பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல். காலை முழுக்க நான் உள்ளே வழித்தேன். அவர் தட்டுகளைத் தேய்த்தார். கடைசியாகக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு நான் எழுந்தேன். அவர் எழவில்லை. இடுப்பு மடியை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்தார்.

"ஏன்டி, ஏத்தலையா?"

"என்னாதுக்கா?"

"சூடம். வேலய முடிச்சா ஏத்துவியே."

காகிதத்தை என் கையில் வைத்தார். இரண்டு கட்டி இருந்தது. சரியாக இரண்டு.

"அக்கா… அன்னிக்கே தெரியுமா?"

"எனக்கென்னா, மூக்கு இல்லையா?"

"ஏங்க்கா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்லா."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு ஓவனைக் காட்டினார்.

"ஏத்து. எரிஞ்சு முடியுற வரைக்கும் கதவ மூடாத."

ஏற்றினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து அது எரிந்து தீரும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்னால்.

என்னோடு மூன்று வருடமோ நான்கு வருடமோ வேலை செய்தார். ஒவ்வொரு ஓவனுக்கும் சூடத்தை அவர்தான் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். லயத்தில் போய்ச் சொல்ல வேண்டும். கங்காணியிடம், பெண்களிடம், சிரித்த எல்லோரிடமும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் சொல்லலாம், தீபாவளி கழியட்டும், மகளுக்கு இடம் பார்க்கிறோமே என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அவர் போய்ச் சேர்ந்த அன்று வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ரிங்லெட்டிலிருந்து வந்த ஒரு அம்மா என் காதில், "யாரு, அந்துருண்டை அஞ்சலையா இது?" என்று கேட்டார்.

நான், "ஆமா" என்றேன்.

சரிபார்க்க வேண்டியவை

நான் சொன்னவற்றில் பிசகு இருக்கும். தெரிந்தவர்கள் சரிபார்த்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். அது கேக்தானா, பன்னா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. பங்களாவில் நான் வேலை செய்தது நான்கு நாளா, ஐந்து நாளா என்றும். அஞ்சலையக்கா மலையில் திரும்பக் கொழுந்து எடுத்தது எத்தனை வருடம் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை, அவர் எண்ணியிருப்பார். அவருடைய மகள் ஈப்போ பக்கம் இருப்பதாகக் கேள்வி. அந்த மகள் இதைப் படித்தால் அந்தக் கணக்கை எழுதி அனுப்ப வேண்டும். அதையும் இதில் சேர்த்துப் போட வேண்டும்.

எங்கள் லயத்து ஆட்கள் யாராவது இன்னமும் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால், அதையும் திருத்துங்கள்.

சூடம் வைத்தது நான். அதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.